பிஎம்டபிள்யூ எஃப்30 ஒரிஜினல் திரையில் டிவியும் வீடியோவும்: மார்த்தாண்டத்தில் செய்து பார்த்தது

அத்தானின் வண்டி 2014 மாடல் பிஎம்டபிள்யூ 320டி, எஃப்30 வகை. திருவனந்தபுரத்துக்காரர் ஒருவரிடமிருந்து செகண்ட் ஹாண்டில் வாங்கியது. டேஷ்போர்டு நடுவில் 8.8 அங்குலத் திரை, அதற்குக் கீழே என்பிடி என்று சொல்லப்படும் ஹெட் யூனிட். மேப் காட்டும், பாட்டுப் பாடும், டிவிடி போட்டால் வண்டி நிற்கும்போது படமும் ஓட்டும். இந்தக் காலத்தில் டிவிடிக்கு எங்கே போவது? டிவியும் பென் டிரைவில் இருக்கும் படமும் அதே திரையில் வர வேண்டும், ஒரிஜினல் யூனிட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆண்ட்ராய்டுத் திரை மாட்டக் கூடாது, நேவிகேஷனும் பார்க்கிங் சென்சார் படமும் பழையபடியே இருக்க வேண்டும். இதுதான் அத்தான் சொன்ன கண்டிஷன்.

காரணம் சினிமாப் பைத்தியம் இல்லை. எங்கள் பக்கத்தில் உடம்புக்குக் கொஞ்சம் பெரிதாக ஏதாவது வந்தால் பாதிப் பேர் நாகர்கோவிலுக்குப் போவதில்லை, களியக்காவிளை தாண்டிப் பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று நேராகத் திருவனந்தபுரம்தான். அத்தானின் அம்மாவுக்கு அங்கே தொடர்ந்து செக்கப் இருக்கிறது. உள்ளே நோயாளியோடு ஒருவரைத்தான் விடுவார்கள், அக்கா போய்விடுவாள், அத்தான் பார்க்கிங்கில் வண்டிக்குள் உட்கார்ந்து போனைக் குனிந்து பார்த்துக்கொண்டே கழுத்து வலி வாங்கிக்கொண்டு வருவார். கண்ணுக்கு நேரே அவ்வளவு பெரிய திரை இருக்கும்போது ஏன் போனைக் குனிந்து பார்க்க வேண்டும் என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான்.

வேலையைத் தொடங்கும் முன்னாலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டேன். வண்டி ஓடும்போது படம் ஓடாது. 2017-இல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறையில் இது எழுத்திலேயே இருக்கிறது: வழி பார்ப்பதற்குத் தவிர ஓட்டுநர் வண்டி ஓட்டும்போது வீடியோ பார்க்கக் கூடாது. சட்டத்தை விடுங்கள், களியக்காவிளை ஜங்ஷனில் காலை ஒன்பது மணிக்கு வண்டி ஓட்டியவர்களுக்கு ஒரு கண்ணை வேறு எங்கேயும் வைக்க முடியாது என்று தெரியும். அத்தானும் "மக்கா, ஓடும்போ பாக்கணும்னு நான் எப்பம்லே கேட்டேன்? நிக்கும்போ பாத்தா போதும்" என்று முடித்துவிட்டார். இந்த ஒரு வாக்கியம் பாதி வேலையைக் குறைத்தது. இந்த வேலைக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் முதலில் கேட்பதே, ஓடும்போது படத்தைத் தடுக்கும் லாக்கை உடைக்க முடியுமா என்றுதான்.

அடுத்தது டிவி. விசாரிக்கப் போன ஒரு கடையில் டிவி ட்யூனர் பெட்டி ஒன்றை எடுத்துக் காட்டினார்கள், பின்னால் ஆன்டெனா சாக்கெட் வேறு, "கண்ணாடியில் ஆன்டெனா ஒட்டினால் ஃப்ரீயா எல்லாச் சேனலும் வரும்" என்றார்கள். வராது. அந்த மாதிரிப் பெட்டிகள் ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் செய்தவை. ஜப்பானில் 2006-இலேயே ஒன்செக் என்று கையடக்கக் கருவிகளுக்கும் கார்களுக்கும் தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு தொடங்கிவிட்டார்கள், அங்கே நேவிகேஷன் திரையில் டிவி என்பது சாதாரணம். நம் ஊரில் தூர்தர்ஷன் டிவிபி-டி2 என்ற தரைவழி டிஜிட்டல் முறையில் 2016-இல் பதினாறு நகரங்களில் ஆரம்பித்தது, தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் இருந்தது சென்னை மட்டும். பழைய அனலாக் டிரான்ஸ்மிட்டர்களில் முக்கியமான இடங்களில் இருக்கும் ஐம்பது சொச்சம் தவிர மற்றவற்றை 2022 மார்ச்சுக்குள் நிறுத்தும் திட்டத்தில் அணைத்துவிட்டார்கள். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது மொட்டை மாடி ஆன்டெனாவைத் திருவனந்தபுரம் பக்கம் திருப்பிவைத்து மலையாளத் தூர்தர்ஷன் பார்த்து வளர்ந்தவர்கள். தமிழை விட மலையாள விளம்பரப் பாட்டு எங்களுக்கு நன்றாக வரும். அந்தக் காலம் போய்விட்டது. டிஷ் வைத்துக்கொள்ளலாமே என்று ஒருவர் சொன்னார். டிடி ஃப்ரீ டிஷ் வருவது 93.5 டிகிரி கிழக்கில் இருக்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து, டிஷ் அந்தத் திசையைக் கொஞ்சம்கூட விலகாமல் பார்க்க வேண்டும், ஒவ்வொரு பார்க்கிங்கிலும் இறங்கி டிஷ் திருப்பிக்கொண்டிருக்க அத்தானுக்குப் பொறுமை கிடையாது. ஆகவே காருக்குள் டிவி என்றால் மொபைல் டேட்டாதான், வேறு வழியில்லை. ட்யூனர் இல்லாத பெட்டியை வாங்கினால் சில ஆயிரம் மிச்சம்.

சரி, படத்தை அந்தத் திரைக்குள் எப்படி நுழைப்பது? இந்த வண்டியில் ஹெட் யூனிட் தனி, திரை தனி. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு மெல்லிய கேபிள், எல்விடிஎஸ் என்று சொல்லுவோம். படம் முழுவதும் டிஜிட்டலாக அதற்குள்தான் போகிறது. மஞ்சள் சிவப்பு வெள்ளை பின் எங்கேயும் கிடையாது. அந்தக் கேபிளை நடுவில் வெட்டாமல், ஒரு வீடியோ இன்டர்ஃபேஸ் பெட்டியை இடையில் செருகுகிறோம். ஹெட் யூனிட்டிலிருந்து வரும் படம் பெட்டிக்குள் போய் அப்படியே திரைக்கு வெளியே வரும், நாம் பட்டனை அழுத்தினால் மட்டும் அதை நிறுத்திவிட்டு நம் எச்டிஎம்ஐ படத்தை அனுப்பும். பட்டன் அழுத்தினது பெட்டிக்கு எப்படித் தெரியும் என்றால் வண்டியின் யூனிட்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கேன் பஸ் வயரில் ஓடும் செய்தியை அது ஒட்டுக்கேட்டுக்கொண்டே இருக்கும், திரையை இயக்கும் ஐடிரைவ் பட்டனை இரண்டு விநாடி அழுத்திப் பிடித்தால் அந்தச் செய்தியைப் பிடித்துக்கொண்டு மாறிவிடும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது ஒன்று உண்டு, இதில்தான் அதிகம் பேர் பணத்தை விடுகிறார்கள். இதே கம்பெனி வண்டிகளில் என்பிடிக்கு முன்னால் வந்த சிஐசி என்ற ஹெட் யூனிட்டுக்கு எல்விடிஎஸ் சாக்கெட் வேறு, என்பிடிக்கு வேறு. வெளியே திரையைப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். விற்கிறவர் "320டி-க்கு இதுதான்" என்று சொன்னால் நம்ப வேண்டாம், ஹெட் யூனிட்டை வெளியே இழுத்து சாக்கெட்டைப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு அப்புறம் பணம் கொடுங்கள். நான் முதலில் பிரித்துப் பார்த்து, மூடி, பெட்டிக்கு ஆர்டர் போட்டு, வந்த பிறகு மறுபடி பிரித்தேன். இரட்டை வேலைதான், ஆனால் திருப்பி அனுப்பும் வேலையை விட இது லேசு.

பிரிப்பது பெரிய விஷயம் இல்லை. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட வேண்டும், இந்த வண்டியில் பேட்டரி டிக்கிக்குள் இருக்கிறது, கழற்றும் முன் டிக்கி பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டேஷ்போர்டில் குறுக்கே ஓடும் மரப்பட்டை டிசைன் பலகை க்ளிப்பில்தான் நிற்கிறது. ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பினால் விளிம்பில் பல் பட்ட மாதிரித் தடம் விழும், பிளாஸ்டிக் நெம்புகோல் இல்லாமல் தொடவே கூடாது. உள்ளே எல்லாம் நட்சத்திரக் குழி உள்ள டி20 டார்க்ஸ் ஸ்க்ரூ. ஏசி பேனல், திரை, ஹெட் யூனிட் என்று வரிசையாக வரும். மழைக்காலத்தில் செய்தால் பரவாயில்லை, மே மாத வெயிலில் நின்ற வண்டியில் க்ளிப்பெல்லாம் இளகிப்போய் எங்கே பிடித்து இழுக்கிறோம் என்றே தெரியாமல் கையோடு வந்துவிடும், காலையில் சீக்கிரம் நிழலில் செய்வது நல்லது.

ஹெட் யூனிட்டின் பின்னால் இருக்கும் பெரிய சாக்கெட்டுக்குக் குவாட்லாக் என்று பெயர். ஒரு லிவரை மேலே தூக்கினால் ப்ளக் கழன்று வரும். பெட்டியோடு வரும் டி வடிவ வயரிங்கை அதற்கும் ஹெட் யூனிட்டுக்கும் இடையில் போட வேண்டும், கரண்ட்டும் கேன் வயரும் அதிலிருந்தே பெட்டிக்குக் கிடைத்துவிடும், எங்கேயும் வயரைச் சுரண்டி டேப் ஒட்டும் வேலை கிடையாது. ஆனால் அந்தக் குவாட்லாக்கின் ஒரு மூலையில் சின்னதாக ஒரு தனித்துண்டு, அதில் இரண்டு ஒயர் மாதிரி வரும். ஒயர் இல்லை, கண்ணாடி இழைக்குப் பதிலாக பிளாஸ்டிக் இழை, உள்ளே ஓடுவது வெளிச்சம். மோஸ்ட் என்று சொல்லும் ஒளியிழை வளையம். ஹெட் யூனிட்டும் ஆம்ப்ளிஃபையரும் இதன் வழியேதான் பேசிக்கொள்கின்றன. வண்டியில் வந்த ப்ளக்கிலிருந்து அந்தத் தனித்துண்டை மட்டும் உருவி, புது வயரிங்கின் ப்ளக்கில் செருக வேண்டும். ஸ்டிக்கரோ குறிப்போ எதுவும் அங்கே இருக்காது. விட்டுவிட்டு மூடினால் திரை வரும், மேப் வரும், சத்தம் மட்டும் சுத்தமாக வராது. ஆம்ப் போய்விட்டது என்று யாராவது சொல்லி அதற்கும் ஒரு பில் போடுவார்கள். இன்னொரு விஷயம், இந்த இழையை 25 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாக வளைக்கக் கூடாது, கேபிள் டை போட்டு இறுக்கவும் கூடாது. மடிந்த இடத்தில் வெளிச்சம் வெளியே கசிந்துவிடும். கையில் எடுத்தபோது நுனியை விரலால் தொடாமல், செருகும் வரை சின்ன பிளாஸ்டிக் உறையைப் போட்டு வைத்திருந்தேன். வண்டியை ஆன் செய்தால் அந்த நுனியில் சிவப்பாக மினுக்கும், அதைப் பார்த்தால் இழையில் உயிர் இருக்கிறது என்று அர்த்தம்.

பெட்டியின் பக்கவாட்டில் வரிசையாகக் குட்டிக் குட்டி டிப் சுவிட்ச். திரை 6.5 அங்குலமா 8.8 அங்குலமா, ஒரிஜினல் ரிவர்ஸ் கேமரா இருக்கிறதா இல்லையா, எந்த இன்புட் வேலை செய்ய வேண்டும் என்று எல்லாம் இதில்தான். தீக்குச்சி முனையை வைத்துத் தள்ளினால் போதும். சுவிட்சை மாற்றிய பிறகு பெட்டிக்கு வரும் கரண்ட்டை ஒரு முறை உருவிச் செருகினால்தான் புது அமைப்பை எடுக்கும், அதைச் செய்யாமல் சுவிட்சை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும். திரை அளவைத் தப்பாகக் கொடுத்தால் படம் ஒரு பக்கம் ஒதுங்கி நின்று நடுங்கும், பயப்பட ஒன்றுமில்லை. டேஷ்போர்டை மூடும் முன் எல்லாவற்றையும் இங்கேயே பார்த்துவிடுங்கள்.

முக்கியமான டெஸ்ட் ரிவர்ஸ் கியர். படம் ஓடிக்கொண்டிருக்கும்போது ரிவர்ஸ் போட்டால் பெட்டி தானாக விலகி, பார்க்கிங் சென்சார் படத்துக்கு வழி விட வேண்டும். விட்டது. வண்டி நகர ஆரம்பித்ததும் வீடியோ மறைந்து ஒரிஜினல் திரை வருகிற மாதிரியே பெட்டியில் அமைப்பு இருக்கிறது, அதை அப்படியே விட்டேன். ஓடும்போதும் படம் வருகிற மாதிரி மாற்ற ஒரு சுவிட்ச் உண்டு என்று சொல்லித்தான் விற்கிறார்கள், எந்தச் சுவிட்ச் என்று நான் இங்கே எழுதப் போவதில்லை.

பெட்டியை க்ளோவ் பாக்ஸுக்குப் பின்னால் வைத்தேன். ஹெட் யூனிட்டுக்கு மேலே இடம் இருக்கிற மாதிரித் தெரியும், ஆனால் அது சூடு ஏறும் இடம். டிவி செயலிகளை ஓட்டி எச்டிஎம்ஐ வழியாகப் பெட்டிக்குப் படம் தரும் ஆண்ட்ராய்டு ஸ்டிக்கையும் அங்கேயே, காற்றுப் போகிற மாதிரிக் கொஞ்சம் தள்ளி. வெயிலில் பூட்டி நிற்கும் வண்டிக்குள் டேஷ்போர்டு மேலே ஒட்டிவைத்தால் ஸ்டிக் தானாகவே ஆஃப் ஆகும். அதன் ரிமோட் ப்ளூடூத் வகையாக இருக்க வேண்டும், பழைய அகச்சிவப்பு ரிமோட் க்ளோவ் பாக்ஸுக்குள் பார்க்காது. ஸ்டிக்குக்குக் கரண்ட் வண்டியின் யுஎஸ்பியிலிருந்து எடுக்கப் பார்த்தால் ஓயாமல் ரீஸ்டார்ட் ஆகும். 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்கும் சின்ன கன்வெர்ட்டர் ஒன்றை, பெட்டியில் வரும் 12 வோல்ட் அவுட்புட் வயரில் சேர்த்துவிட்டேன். பெட்டி விழித்தால் ஸ்டிக்கும் விழிக்கும், பெட்டி தூங்கினால் இதுவும் தூங்கும். பேட்டரியில் நேரடியாகக் கொடுத்திருந்தால் ராத்திரி முழுக்க ஓடிக்கொண்டிருக்கும்.

சத்தம்தான் கொஞ்சம் படுத்தியது. பெட்டி படத்தை மட்டும்தான் திரைக்குள் விடும், சத்தத்துக்குத் தனியாக ஆக்ஸ் இன்புட்டில் (வெளிக் கருவியின் சத்தத்தை வாங்கும் சாக்கெட்) வயர் போட வேண்டும், ஹெட் யூனிட்டில் ஆக்ஸைத் தேர்ந்தெடுத்துவிட்டுத்தான் வீடியோவுக்கு மாற வேண்டும். எஞ்சின் ஆஃபாக இருக்கும்போது சத்தம் சுத்தமாக இருந்தது. எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் பின்னணியில் மெல்லிய ஊளை, ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஊளையும் மேலே ஏறியது, காலை எடுத்தால் இறங்கியது. எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கினால் அது ஆல்டர்னேட்டர் சத்தம், கிரவுண்ட், அதாவது நெகட்டிவ் இணைப்பு, இரண்டு இடத்தில் இருப்பதால் வருவது. கன்வெர்ட்டரின் நெகட்டிவை பாடியில் ஒரு போல்ட்டில் கொடுத்திருந்ததை எடுத்து, பெட்டியின் நெகட்டிவோடு ஒரே இடத்தில் சேர்த்தேன், முக்கால்வாசி போய்விட்டது. மீதிக்கு ஆக்ஸ் வயரில் அந்த ஊளையைத் தடுக்கும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் ஒன்று, திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் எலக்ட்ரிக்கல் கடையில் கிடைத்தது. ப்ளூடூத்தில் சத்தத்தை அனுப்பலாமே என்று கேட்கலாம். அனுப்பலாம், ஆனால் உதடு முன்னால் அசையும், பேச்சு பின்னால் வரும், செய்தி வாசிப்பவரைப் பார்த்தால் எரிச்சலாக இருக்கும்.

இனி படம் பற்றி. இந்தத் திரை 1280-க்கு 480 புள்ளி. அகலம் நிறைய, உயரம் குறைவு. சாதாரண டிவி படம் 16:9, அது 480 உயரத்தில் வந்தால் அகலம் 853 புள்ளிதான் வரும், இரண்டு பக்கமும் 213 புள்ளி கறுப்பாக நிற்கும். அத்தானுக்கு அந்தக் கறுப்பு பிடிக்கவில்லை, "அவ்வளவு காசு குடுத்து வாங்கின ஸ்கிரீன்ல பாதிய சும்மா போட்டு வைக்கவா?" என்றார். இழுத்து நிரப்பிக் காட்டினேன், கிரிக்கெட்டில் பௌலர் எல்லோரும் குண்டாகிவிட்டார்கள், பந்து முட்டை வடிவம். அப்புறம் அவரே கறுப்பு இருக்கட்டும் என்றுவிட்டார். சினிமாஸ்கோப் படம் என்றால் கிட்டத்தட்ட முழுத் திரையும் நிறைகிறது.

உயரம் 480 என்பதில் ஒரு லாபமும் உண்டு. செயலியில் தரத்தை 480-க்கு மேல் வைப்பதில் பயனே இல்லை, திரையில் வராத புள்ளிக்கு டேட்டா செலவழிக்கிறோம். சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிபி-க்குள் முடிந்துவிடும், எச்டி என்றால் மூன்று ஜிபி வரை போகும். மலிவான ஸ்டிக்குகளில் வைட்வைன் எல்3 என்ற கீழ்நிலை நகல் பாதுகாப்புதான் இருக்கும், பணம் கட்டிப் பார்க்கும் செயலிகள் அதில் எச்டி கொடுக்காது, கம்மித் தரத்தில்தான் ஓடும் என்று வீட்டு டிவிக்கு வாங்குகிறவர்கள் குறைப்படுவார்கள். இங்கே அது குறையே இல்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது: எச்டிசிபி, எச்டிஎம்ஐ கேபிளில் போகும் படத்தை நகல் எடுக்க விடாத பூட்டு. பெட்டியின் எச்டிஎம்ஐ அந்தப் பூட்டுக்குப் பதில் சொல்லாவிட்டால் சத்தம் மட்டும் வந்து படம் கறுப்பாக நிற்கும். எங்கள் பெட்டியில் ஒரு செயலிக்கு அப்படித்தான் ஆகிறது, மற்றவை ஓடுகின்றன. பிரசார் பாரதியின் வேவ்ஸ் செயலியில் தூர்தர்ஷன் சேனல்கள் நேரலையாக வருகின்றன, 2024 நவம்பரில் வந்தது, அத்தையின் மலையாளச் செய்திக்கு அது போதும். பெட்டி வாங்கும்போது எச்டிசிபி உண்டா என்று கேட்டு, முடிந்தால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பென் டிரைவுக்கு ஒரு விஷயம் மட்டும்: ஃபேட்32 ஃபார்மட்டாக இருந்தால் 4 ஜிபி-க்கு மேல் ஒரே ஃபைலாக ஏறாது. 480 உயரத்துக்குச் சுருக்கி எச்.264 என்ற வீடியோ வடிவத்தில் மாற்றிவிட்டால் முழுப்படமே ஒரு ஜிபி பக்கம்தான் வரும், அந்தப் பிரச்சினையே வராது. பல நிலை மாடிப் பார்க்கிங்கில் சிக்னல் கிடைக்காத நேரத்துக்கு இது உதவும்.

கடைசியாகப் பேட்டரி. நின்ற வண்டியில் டிவி பார்ப்பது என்று ஆரம்பித்தால் இதைத் தவிர்க்க முடியாது. எஞ்சின் அணைத்து, இக்னிஷன் ஆனில் வைத்துப் பார்த்தால் கரண்ட் அளக்கும் க்ளாம்ப் மீட்டரில் பதினைந்து ஆம்பியருக்கு மேல் காட்டியது. ஏனென்றால் திரை மட்டும் இல்லை, வண்டியின் எல்லா யூனிட்டும் விழித்திருக்கிறது. ரேடியோ நிலையில் வைத்தால் அதில் பாதிக்கும் கீழே. பேட்டரி 90 ஆம்பியர்-மணி, புதிதாக இருந்தாலும் முழுவதையும் இறக்க முடியாது, டீசல் எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டிய தெம்பு மிச்சம் இருக்க வேண்டும். இந்த வண்டியில் பேட்டரி நெகட்டிவில் ஒரு சென்சார் உண்டு, இறக்கம் அதிகமானால் அதுவே திரையில் எச்சரிக்கை காட்டி ரேடியோவை அணைத்துவிடும், அதனால் நடுவழியில் நிற்க வேண்டி வராது. ஆனால் ஆஸ்பத்திரி பார்க்கிங்கில் மேட்ச் கடைசி ஓவரில் அணைந்தால் வண்டி மேல்தான் கோபம் வரும். அத்தானிடம் ரேடியோ நிலையில் மட்டும் பாருங்கள், ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் கொஞ்ச நேரம் எஞ்சினை ஓட்டுங்கள், ஆனால் மூடின பார்க்கிங்கில் வேண்டாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். ஏசி இல்லாமல் அவ்வளவு நேரம் உட்காரவும் மாட்டார் என்பது வேறு.

செலவு என்று பார்த்தால் பெட்டிதான் பெரியது, இருபதாயிரத்தை ஒட்டி வந்தது. ஸ்டிக், கன்வெர்ட்டர், ஐசொலேட்டர், வயர் எல்லாம் சேர்ந்து அதில் கால் பங்கு கூட வராது. எதையும் வெட்டவில்லை என்பதால் நாளைக்கு வண்டியை விற்றால் அரை நாளில் கழற்றிப் பழையபடி ஆக்கிவிடலாம். வேறு மெக்கானிக் யாராவது ஹெட் யூனிட்டைப் பிரிக்க நேர்ந்தால் குழம்பக் கூடாது என்று, டிப் சுவிட்ச் எது எந்தப் பக்கம் இருக்கிறது, ஒளியிழைத் துண்டு எங்கே மாறியிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி லேமினேட் செய்து க்ளோவ் பாக்ஸின் பின்பக்கம் ஒட்டியிருக்கிறேன். தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று. வண்டி எந்தப் பக்கம் போய் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்.